ஓஎல்டி வாங்குவதற்கு முன்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, தென்னைக்கு இப்போதைக்குக் கவலையில்லை. நேரே உன் கேள்விக்கு வருகிறேன். வேலந்தாவளத்தில் புதிதாக இழுக்கும் ஃபைபர் இணைய லைனுக்கு விலை குறைந்த சீன ஓஎல்டி, அதாவது நம் பக்கமிருந்து வீடுகளுக்கு இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் தலைமைப் பெட்டி, வாங்கலாமா என்கிறாய். வேண்டாம்.

முதல் காரணம் சட்டம். 2021 ஜூன் 15 முதல், தொலைத்தொடர்பு லைசன்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்கள் நம்பகமானது என்று அரசு ஒப்புதல் தந்த கருவியை மட்டுமே புதிதாக இணைக்கலாம். பெட்டி எங்கே தயாரானது என்பதோடு நிற்பதில்லை, உள்ளிருக்கும் முக்கியச் சிப் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கிறார்கள். பழைய கருவியைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் நீ யாருடைய லைசன்ஸில் லைன் கொடுக்கிறாயோ, அவர்களுக்கு மாடல் எண்ணை அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டு.

பயம் வெறும் அரசியல் இல்லை. உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று சீனாவின் 2017 சட்டமே சொல்கிறது. சீன நிறுவனமான ஹுவாவேயின் 5ஜி கருவிகளை 2027 முடிவதற்குள் அகற்றிவிடச் சொல்லி 2020இல் பிரிட்டன் உத்தரவிட்டதும் சும்மா இல்லை.

ஆனால் சீனப் பெட்டியைத் தவிர்த்தால் நிம்மதி என்று மட்டும் நினைத்துவிடாதே. 2004-05இல் கிரீஸில் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் போனை ஒட்டுக்கேட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் ஸ்வீடனின் எரிக்ஸனுடையது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் அதற்குள் ஏற்கெனவே இருந்தது, அதை யார் இயக்குகிறார்கள் என்று பதிவு செய்யும் பகுதியைத்தான் போன் சேவை தந்த வோடஃபோன் வாங்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து அந்த மென்பொருளை முடுக்கிவிட்டார்கள். பேச்சின் நகல் ப்ரீபெய்டு போன்களுக்குப் போனது. எஸ்எம்எஸ் சில போய்ச் சேராமல் நின்றதால்தான் குட்டு வெளிப்பட்டது. எந்த நாட்டுப் பெட்டி என்பதோடு, சாவி யார் கையில் என்பதையும் பார் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

உன் ஓஎல்டியில் எட்டு பான் போர்ட், அதாவது ஃபைபர் கிளம்பும் எட்டு வாய். ஒன்றுக்கு 64 என்று பிரித்தால் 512 வீடு. அத்தனைக்கும் சாவி அதன் மேனேஜ்மென்ட் ஐபி, அதாவது ஓஎல்டிக்குள் நுழைந்து அதை இயக்கும் முகவரி. சப்ளையரின் ஆள் தன் ஊரிலிருந்தே பழுது பார்க்கட்டும் என்று அதை இணையத்தில் யாரும் எட்டக்கூடிய பொது ஐபியில் விட்டு, கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் வழியையும் திறந்து வைப்பதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விலான், அதாவது மற்ற போக்குவரத்தோடு கலக்காத தனிப் பாதை, போடு. உன் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடு. டெல்நெட்டை மூடி, எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் வை. கருவியைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல "பப்ளிக்" என்ற சொல் அப்படியே இருக்கும், அதையும் மாற்று. சப்ளையருக்கு வேலை இருந்தால் அப்போது திற, முடிந்ததும் மூடு. யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பு, ஓஎல்டிக்குள் புகுந்தவன் முதலில் அங்கிருக்கும் பதிவைத்தான் அழிப்பான். கருவியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுமுன், கோப்பு மாறவில்லை என்று காட்டத் தயாரிப்பாளர் தரும் செக்சம் எண் ஒத்துப்போகிறதா பார். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை ஒருநாளும் ஏற்றாதே.

வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டியான ஓஎன்யூவில், தொலைவிலிருந்து அதை நிர்வகிக்கும் 7547 போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்றும் வெளியிலிருந்து சோதித்துவிடு. 2016 நவம்பரில் அந்த வழியாக வந்த தாக்குதலில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் ரௌட்டர்கள் செயலிழந்தன.

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்தால் ஓஎல்டியின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வா. உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
வேலு