பெயரைச் சுருக்குவதானால்

மதுரை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அங்கயற்கண்ணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். மாப்பிள்ளையின் நலத்தையும் உன் நலத்தையும் அறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, "உன் விருப்பம் அம்மா" என்று மட்டும் சொல்லி, பேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மெல்பர்ன் அலுவலகத்தில் உன் பெயருக்குப் பொருள் கேட்டார்கள் என்றும், மீனின் கண்ணை உடையவள் என்று நீ சொன்னதும் சிரித்தார்கள் என்றும், ஆங்கிலத்தில் மீன்கண் என்றால் உயிரும் ஈரமும் இல்லாத வெறித்த பார்வை என்றும், ஆகையால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரைக் "கண்ணி" என்று சுருக்கிப் பதிந்துகொள்ளப் போவதாகவும் சொன்னாய். பேச்சில் எனக்கு வாதம் வராது. நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தியே பழகியவன். அதனால் தாளில் எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சரிசெய்துவிடுவோம். அம் என்றால் அழகு. கயல் என்றால் கெண்டை மீன். அழகிய கயலைப் போன்ற கண்களை உடையவள் அங்கயற்கண்ணி. இங்கே ஒப்பிடப்படுவது மீனின் கண் அன்று, மீனே. நீ அவர்களிடம் சொன்ன பொருளில் நழுவிப்போனது இந்த ஒரு "போன்ற" என்ற சொல்தான். மேலூர்ப் பக்கத்து நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்குமே, ஆறு வயதில் அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்த்திருக்கிறாய். கச்சா வலைக்குத் தப்பிய கெண்டை ஒன்று கலங்கிய நீரில் ஒரு நொடி புரண்டு, வெள்ளி போல ஒளிர்ந்து, மறுநொடி காணாமல் போவதை நினைத்துப் பார். நடுவில் அகன்று இருமுனையும் கூர்ந்த அந்த உடம்பு கண்ணின் வடிவம். அந்தப் புரளல் கண்ணின் ஓட்டம். தண்ணீரில் ஓடும் கயலைப் பார்த்தவன் கட்டிய உவமையைத் தட்டில் கிடக்கும் மீனைப் பார்த்தவர்களிடம் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை.

மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும், அதுபோல அன்னை தன் பார்வையாலேயே உயிர்களைக் காக்கிறாள் என்று கோயிலில் ஒரு விளக்கம் சொல்வார்கள். உயிரியல் படித்த உன்னிடம் அதை நான் உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீனுக்கு இமை இல்லை என்பது உண்மை. இமைக்காமல் ஊரைக் காப்பவள் என்று சொல்வதற்கு அது போதும். உன்னைக் கேட்டவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்களோ என்னவோ.

இந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்பதை நாங்கள் முழுமையாகச் சொன்னதில்லை. அப்பத்தாவின் பெயர் மீனாட்சி. முதல் பேத்திக்கு அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். ஆனால் மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே குடும்பத்தின் வழக்கம். "அத்தை பேரைச் சொல்லிப் பிள்ளையை எப்படி அதட்டுவேன்?" என்று உன் அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. பல வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பதிவேட்டில் மீனாட்சி, வீட்டில் பாப்பா. எனக்கு அது பிடிக்கவில்லை. கூப்பிடுவதற்கு உதவாத பெயர் எதற்கு? அப்போது எங்கள் அச்சகத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் அச்சுக்கோக்கப்பட்டிருந்தது. அதன் தலைப்பில், "அங்கயற்கண்ணி உடனமர் சொக்கநாதர் திருவருளால்" என்று இருந்தது. எத்தனையோ முறை பிழை பார்த்துக் கடந்துபோன வரிதான். அன்று நின்று படித்தேன். அதே அம்மன், அதே பொருள், ஆனால் அத்தையின் பெயர் அன்று!

அப்பத்தா ஒப்புக்கொண்டது தனிக் கதை. பெயர் சூட்டும் நாளில் உன் காதில் மூன்று முறை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது யாரு பேருடா?" என்று கேட்டது. "உன் பேருதான் ஆத்தா, தமிழ்ல" என்றேன். "அப்ப இத்தனை நாளா எனக்கு என்ன பாஷையிலடா பேரு வச்சிருந்தாங்க?" என்று கேட்டுவிட்டுக் கடைசிவரை உன்னை "அங்காயி" என்றுதான் கூப்பிட்டது. நம் ஊரில் அங்காயி என்று பெயருள்ள கிழவிகள் இருந்ததால், உன்னை அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது போலும்.

அப்பத்தா கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை. சூரியநாராயண சாஸ்திரி தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றிக்கொண்டதைப் பள்ளியில் படித்திருப்பாய். சூரியன் பரிதியானது, நாராயணன் மால் ஆனது, சாஸ்திரி கலைஞரானது. அவர் 1870இல் பிறந்தது நம் விளாச்சேரியில். கொலு பொம்மை வாங்க நாம் போவோமே, அதே ஊர். உன் பெயரையும் அப்படி மீனாட்சியைப் பிடித்துத் தமிழாக்கிய பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பத்தாவிடம் அன்று நானும் அந்தப் பொருள்படத்தான் பேசினேன். அது தவறு. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் வாயில் இந்தப் பெயர் இருக்கிறது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்கு வந்தவர், கோயிலைத் தொலைவில் கண்டதும் பாடிய பதிகம் அது என்பார்கள். மூன்றாம் திருமுறையில் உள்ளது. முதல் பாட்டு மங்கையர்க்கரசி என்று தொடங்கி, "அங்கயற் கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே" என்று முடிகிறது. நான்கு அடிகளின் தொடக்கத்தையும் சேர்த்துப் பார்: மங்கையர்க்கரசி, பங்கயச்செல்வி, பொங்கழல் உருவன், அங்கயற்கண்ணி. இரண்டாம் எழுத்தாக ஙகர ஒற்று நான்கிலும் வந்து நிற்கிறது. வெறும் கயற்கண்ணி என்றால் எதுகை நிற்காது; அந்த "அம்" அங்கே அழகுக்காக மட்டும் வரவில்லை, ஓசைக்காகவும் வந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பாட்டின் இரண்டு பெண்பெயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால்தான் உன் பள்ளிச் சான்றிதழில் அத்தனை பிழைகள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மங்கையர்க்கு அரசி, மங்கையர்க்கரசி. அங்கே இடையின ரகரமும் அதன் பின் ககர ஒற்றும் முறையாக உள்ளவை. அதைப் பார்த்துப் பழகிய கை, உன் பெயரை "அங்கையர்க்கண்ணி" என்று எழுதிவிடுகிறது. உன் பெயரிலோ கயல் என்பதன் லகரம், வல்லினம் வந்ததால் றகரமாகத் திரிந்திருக்கிறது. கல்லும் கண்டும் சேர்ந்து கற்கண்டு ஆனதைப் போல. ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சான்றிதழைத் திருத்த நான் நான்கு முறை நடந்தேன். ஒரு எழுத்துக்காக இப்படி அலைகிறாரே என்று அங்கிருந்த எழுத்தர் சலித்துக்கொண்டார். அந்த ஒரு எழுத்தில்தானே அய்யா மீன் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் திரும்பினேன்.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்று நீ சிறுமியாக இருந்தபோது கேட்டாய். உன் வகுப்பில் மூன்று மீனாட்சிகள் இருந்தார்கள். தலைப்பெழுத்தைச் சேர்த்துத்தான் வருகைப்பதிவு எடுப்பார்கள். மீனாள், மீனாம்பாள், மீனலோசனி என்று அதன் கிளைகளும் இந்தச் சீமையில் குறைவில்லை. ஆண்களும் அம்மையையும் அப்பனையும் சேர்த்து மீனாட்சிசுந்தரம் என்று வைத்துக்கொள்கிறார்கள், உ.வே.சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவானும், 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அந்தப் பெயர் கொண்டவர்கள். கயல்விழி என்ற பெயரும் இன்று எங்கும் கேட்கிறது. அங்கயற்கண்ணி மட்டும் அழைப்பிதழின் தலைப்பிலும் ஓதுவாரின் நாவிலும் நின்றுவிட்டாள். நீளமும் ஒரு காரணம், கடுமையான ஒற்றுகளும் ஒரு காரணம். இப்போது காதுகுத்து அழைப்பிதழ்களில் பார்க்கும் பெயர்கள் எண்கணிதக்காரர் சொன்ன எழுத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஷகரத்தில் முடிகின்றன. அவற்றுக்குப் பொருள் கேட்டால் பெற்றவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள். கிழவனின் எரிச்சல் என்று விட்டுவிடு.

இனி நீ கேட்ட காரியம். பெயரை நீ சுருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் அப்பத்தாவே சுருக்கியதுதான். வெட்டுகிற இடத்தைப் பற்றித்தான் என் மறுப்பு. "கண்ணி" என்று தனியே நின்றால் தமிழில் அதற்குப் பூமாலை என்று பொருள் உண்டு, இரண்டடிப் பாட்டு என்றும் உண்டு, ஆனால் கேட்கிறவர்களுக்கு முதலில் நினைவு வருவது பறவைக்கு வைக்கிற கண்ணியும் கண்ணிவெடியும்தான். அதுமட்டுமன்று, அந்நிய எழுத்தில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு இல்லை. மெல்பர்னில் இருக்கிற தமிழர்களே அதைக் "கன்னி" என்று படிப்பார்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் இரண்டு சொல்லும் ஒரே பாட்டில் வருகின்றன. சோழன் கன்னியாகிய குமரியைச் சேர்ந்தாலும் நீ ஊடாமல் இருக்கிறாயே, "கயற்கண்ணாய்" என்று காவிரியை நோக்கிப் பாடுகிறான் கோவலன். கன்னி அங்கே ஒருத்தி. கயற்கண்ணி தனக்குப் போட்டியாக வந்தவளைப் பொறுத்துக்கொள்கிற இன்னொருத்தி. ஒரு சுழி குறைந்தால் ஆளே மாறிவிடுகிறாள். பாண்டியனின் கொடியில் கிடந்த மீன் சோழனின் ஆற்றுக்கும் கண்ணாக இருந்திருக்கிறது என்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். இந்த ஊர்க்காரன் அதை வெளியில் சொல்லக் கூடாதுதான்.

முன்னால் வெட்டி "அங்" என்று நிறுத்தவும் முடியாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் நடுத்துண்டை எடுத்துக்கொள். கயல். இரண்டே அசைபோல ஒலிக்கும். அங்கே யாருடைய நாக்கும் அதில் இடறாது. ஒன்பதாம் வகுப்பில் நான் நடந்து மீட்ட எழுத்தும் தன் பழைய லகரமாக அதில் திரும்பிவிடும். பொருள் கேட்டால், ஆற்றில் புரளும் மீன் என்று சொல். கண்ணைப் பற்றி எதுவும் சொல்லாதே. பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம். விண்ணப்பத்தை அனுப்பும் முன் அதன் படி ஒன்றை எனக்கு அனுப்பிவை. பெயர் எழுதுகிற கட்டத்தை மட்டுமாவது ஒருமுறை புரூஃப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா