ஆய்க்குடிய பத்தி எழுதினா தெரபிய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு நீங்க போட்ட பக்கத்துல மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற எங்க ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் வந்திருந்துச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா போட்டோ பூரா யாரோ பிறந்தநாளுக்கு சாப்பாடு போடுறதுதான். சாப்பாடும் வேணும், இல்லேங்கல. அந்த எடம் எப்படி வந்துச்சு, அங்க என்ன வேலை நடக்குதுன்னு ரெண்டு வரி கூட இல்லியே.

ராமகிருஷ்ணன் சார் இன்ஜினியரிங் படிக்கும்போது 1975ல கடற்படை ஆபீசர் செலக்‌ஷனுக்கு பெங்களூர் போய், டெஸ்ட்ல மேலேருந்து விழுந்து கழுத்துக்கு கீழ அசைவே போயிருச்சு. ஊருக்கு வந்தவர் 1981ல, தனக்கு வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேர்லயே சங்கத்த ஆரம்பிச்சாரு. அப்புறம் தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் சங்கர ராமனும் வந்து சேந்தாரு. ரெண்டு பேரும் வீல்சேர்ல இருந்துகிட்டுதான் இவ்வளவையும் வளத்திருக்காங்க. 2020ல ராமகிருஷ்ணன் சாருக்கு பத்மஸ்ரீ கெடச்சுது.

இப்போ அவங்க வேலையில எனக்கு பெருசா படுறது கேம்பஸ் இல்ல, ஊர் ஊரா வீட்டுக்கே போய் சின்ன பிள்ளைகளுக்கு குடுக்கிற தெரபிதான், அதாவது பயிற்சி மூலமா குடுக்கிற சிகிச்சை. எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு கழுத்தே நிக்கல, பாட்டி "இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான், போகப்போக சரியாயிரும்"னு சொல்லிட்டே இருந்தாங்க. தெரபிக்கு வந்த பொண்ணு பழைய சேலைய இறுக்கி உருட்டி பிள்ளை நெஞ்சுக்கு கீழ வச்சு குப்புற போட்டு, முன்னாடி கிலுக்கு ஆட்டிச்சு. பிள்ளை தலைய தூக்கி பாக்குது! அத அந்த அம்மாவுக்கே சொல்லிக்குடுத்துட்டு போனாங்க, தெனமும் செய்யணும்னு. தெரபிக்கு டவுனுக்கு போகணும்னா பஸ் காசு, ஒரு நாள் கூலி ரெண்டும் போகும், அதனாலயே எத்தனையோ வீட்டுல பாதியில விட்டுர்றாங்க. மூளை வளர்ற வயசுல பண்ற பயிற்சிக்கு இருக்கிற பலன் அஞ்சு வயசுக்கு மேல ஆரம்பிச்சா அந்த அளவுக்கு வராது.

அதனால அடுத்த தடவ ஒரு சின்ன கட்டம் கட்டி போடுங்க அய்யா: நாலு மாசம் ஆகியும் கழுத்து நிக்கலன்னா, ஒம்பது மாசம் ஆகியும் உக்காரலன்னா, ஒன்றரை வயசு ஆகியும் நடக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டணும்னு. பேப்பர்ல வந்திருக்குன்னா எங்க ஊர் பாட்டிங்களும் கேப்பாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி, தென்காசி மாவட்டம்