தொப்பி போடுங்கள் என்கிறீர்கள், எந்தத் தொப்பி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையில் வெயில் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே போகாதீர்கள், போக வேண்டியிருந்தால் தொப்பியாலோ துணியாலோ தலையை மூடிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் எந்தத் தொப்பி, என்ன துணி என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனாலும் தயவு செய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் 26 வருடம் லாரி ஓட்டியவன். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தேசிய நெடுஞ்சாலை வந்துவிடும். நான் ஸ்டியரிங் பிடித்த காலத்தில் அதற்கு 7ஆம் நம்பர், இப்போது 44. ஒரு பக்கம் கன்னியாகுமரி, இன்னொரு பக்கம் ஸ்ரீநகர். கிருஷ்ணகிரியில் கிரானைட் பலகை ஏற்றிக்கொண்டு வடக்கே போனால், வரும்போது ராஜஸ்தான் கிஷன்கரில் மார்பிளோ, சீசன் நேரத்தில் காஷ்மீர் ஆப்பிளோ கிடைக்கும். ஒரே நடையில் தலைக்கட்டை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். அழகுக்காக இல்லை, மாற்றாவிட்டால் தலை வலித்து வண்டி ஓட்ட முடியாது.

ஒரு மே மாதம். நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் வெடித்துவிட்டது. கூட வந்த கிளீனர் பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயசு, அதுதான் அவனுக்கு முதல் நடை. ஊரில் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கருப்புத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான், பாலியஸ்டர் துணி, முன்னால் மட்டும் விளிம்பு. ஜாக்கி போட்டு நட்டு கழற்றிக்கொண்டிருந்தவன் அரை மணி நேரத்தில் 'அண்ணே, கண்ணு இருட்டுது' என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான். எதிரே தாபா வைத்திருந்த பெரியவர் ஓடி வந்தார். முதலில் அவன் தலையிலிருந்து அந்தத் தொப்பியைப் பிடுங்கித் தூர வைத்தார். தன் தோளில் கிடந்த பருத்தித் துண்டைப் பானைத் தண்ணீரில் முக்கி லேசாகப் பிழிந்து, உச்சந்தலை, இரண்டு காது, பிடரி எல்லாம் மூடுகிற மாதிரி சுற்றி, மூக்குக்கு மேலே ஒரு மடிப்பு இழுத்துவிட்டு நிழலில் படுக்க வைத்தார். பத்து நிமிடத்தில் துண்டு காய்ந்துவிட்டது, மறுபடி நனைத்துச் சுற்றினார். உப்புப் போட்ட மோர் கொடுத்தார். சாயங்காலம் பையன் எழுந்து இட்லி கேட்கிறான். பிறகு நான் அந்தத் தொப்பியை எடுத்து உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். நெற்றிப் பட்டி சொதசொதவென்று வியர்வை, துணியோ பிளாஸ்டிக் பை போல வழுவழுவென்று இருந்தது, ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை.

அந்த ஊர்க் காற்று உலர்ந்த காற்று. அங்கே ஈரத் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்கிறதே, அதே கதைதான். பருத்தி ஈரத்தை இழுக்கும், பிடித்து வைக்கும், மெதுவாக விடும். பாலியஸ்டர் இழை உறிஞ்சாது, வியர்வை உள்ளேயே தேங்கி நிற்கும். ராஜஸ்தானில் ஆடு மேய்ப்பவர்கள் ஒன்பது மீட்டர் வரை நீளமுள்ள துணியைத் தலையில் சுற்றியிருப்பதைப் பார்த்து, இந்த வெயிலில் இவ்வளவு பெரிய மூட்டையா என்று முதலில் நினைத்தேன். மடிப்புக்கு மடிப்பு நடுவில் நிற்கிற காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. பாலைவனத்தில் ராத்திரி குளிர் எடுக்கும்போது அதே துணி காதுக்குப் போர்வை, படுத்தால் தலையணை.

ஆனால் அதே ஈரத் துண்டைச் சென்னை துறைமுகத்து வாசலில் கட்டிப் பாருங்கள். லோடு இறக்க வண்டிகள் வரிசையில் நிற்கும், மே மாதப் புழுக்கம், காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, துண்டிலுள்ள தண்ணீர் எங்கே ஆவியாகும்? வெந்நீர் ஒத்தடம் போலத் தலையில் கிடக்கும், இரண்டு நாளில் அரிப்பு, பொடுகு. கடலோரத்தில் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டக்கூடாது. விளிம்பு அகலமாக, உச்சந்தலையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி நிற்கிற ஓலைத் தொப்பிதான் அங்கே நல்லது, நடுவில் காற்று ஓடும். அஸ்ஸாமில் வயலில் வேலை செய்பவர்கள் மூங்கிலும் ஓலையும் வைத்துப் பின்னிய 'ஜாப்பி' போடுகிறார்கள், வெயிலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான். மேகாலயாவில் மழை அதிகம் என்பதால் தலையிலிருந்து முதுகு வரை ஆமை ஓடு மாதிரி மூடுகிற 'க்நுப்' இருக்கிறது, இரண்டு கையும் சும்மா இருப்பதால் குனிந்து வேலை செய்யலாம். நம் அப்பாக்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் மாடு ஓட்டினார்களே, அதே யோசனைதான். அந்தந்த ஊர்க் காற்றைப் பார்த்துத்தான் அந்தந்த ஊர்க்காரர்கள் தலையை மூடியிருக்கிறார்கள்.

குளிருக்கும் இதே கணக்குதான். உத்தரப் பிரதேசத்தில் ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் ஓட்டும்போது மூக்கை மூடிய மப்ளர் நம் மூச்சிலேயே நனைந்துவிடும். பருத்தித் துண்டு நனைந்தால் ஐஸ் மாதிரி ஆகிவிடும், கம்பளி நனைந்தாலும் சூடு கொடுக்கும். வெயிலில் சாமியாக இருந்த பருத்தி குளிரில் ஆகாது, இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வடக்கே கோயில் யாத்திரைக்குப் போகிறவர்கள் இங்கே உள்ள தேங்காய்ப்பூத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். காஷ்மீர் போகிற வழியில் பனிஹால் என்ற ஊர்ப் பக்கம் பனி கொட்டி ரோடு அடைத்தபோது நாங்கள் மூன்று நாள் வண்டியிலேயே கிடந்தோம். பின்னல் குல்லா மட்டும் போட்டிருந்த எனக்குக் காற்று ஊசி மாதிரி பின்னல் ஓட்டை வழியாக இறங்கியது, அதன் மேல் ரெயின்கோட்டின் தலை உறையை இழுத்துக் கட்டிய பிறகுதான் காதில் உயிர் வந்தது. லடாக் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. லே ஊர் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிருகிறது என்று கம்பளிக் குல்லாவோடு நின்றுவிட்டால் மூக்கும் கன்னமும் கருகிவிடும். அங்கே கம்பளியும் வேண்டும், விளிம்பும் வேண்டும்.

சரி, வடக்குப் பேச்சு போதும், நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேயே இரண்டு காலநிலை இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான். தளியை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிவிட்டுப் போனான், அதே மாவட்டத்தில் கிருஷ்ணகிரி டவுனைச் சுற்றி நிற்கிற பாறை மலைகள் சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடுகின்றன. என் மகள் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளைப் போல நம் கிராமங்களிலிருந்து எத்தனை பெண்கள் விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மார்கழி, தை மாதத்தில் பனி, ஓசூரில் இறங்கும்போது இன்னும் குளிர். ஷிப்டு முடிந்து ஊருக்கு வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது மூன்றரை மணி வெயில் முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து அவள் ஒரே ஒரு வழுவழு ஸ்கார்ஃப் வைத்திருந்தாள். முகம் பூராவும் சுற்றி, மேலே ஹெல்மெட். நெற்றி ஓரமெல்லாம் வேர்க்குரு, எந்தக் கிரீம் போட்டும் போகவில்லை. நான் ஒரு மெல்லிய பருத்தித் துணியும் ஒரு சின்னக் கம்பளி மப்ளரும் வாங்கிக் கொடுத்தேன், காலையில் பருத்திக்கு மேல் கம்பளி, மதியம் பருத்தி மட்டும். இரண்டு வாரத்தில் வேர்க்குரு அடங்கியது. ஹெல்மெட்டுக்குள் தடித்த துண்டு வைக்காதீர்கள் என்று மற்ற பெண்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், ஹெல்மெட் தலையோடு ஒட்டி நிற்காது, விழுந்தால் கழன்றுவிடும். துணியின் முனையைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், பறக்க விட்டால் சக்கரத்தில் சிக்கும்.

கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஏப்ரல் மாதம் பிள்ளைக்குப் பின்னல் குல்லா மாட்டி, தாடைக்குக் கீழே நாடா கட்டித் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. பச்சைக் குழந்தைக்குத் தலை வழியாகத்தான் நிறைய சூடு வெளியே போகும். அதை அடைத்தால் பிள்ளை என்ன செய்யும், அழத்தான் முடியும். வெயிலுக்கு உங்கள் முந்தானை நிழல் போதும், இல்லையென்றால் பழைய பருத்தி வேட்டித் துணி.

இனி எனக்கு மனது கொதித்த விஷயம். இந்த வருடம் எங்கள் பக்கம் ரோடு வேலைக்கு வந்த ஆட்களுக்கு ஒப்பந்தக்காரர் தொப்பி கொடுத்தார், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். பளபளவென்று மஞ்சள் பாலியஸ்டர், முன்னால் மட்டும் விளிம்பு, காதும் பிடரியும் வெயிலுக்கு. தார் அடுப்புக்குப் பக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒரு அம்மா தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சேலை முந்தானையைத் தலையில் போட்டுச் சும்மாடு மாதிரி மடித்து வைத்துக்கொண்டு ஜல்லி கொட்டினார். ஏம்மா தொப்பி போடவில்லை என்று கேட்டேன். 'அது வேகுது சாமி' என்றார். அவருக்குத் தெரிந்தது வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரியவில்லை.

நம் காற்று பங்குனி, சித்திரையில் உலர்ந்த காற்று, நாக்பூர் அளவுக்கு இல்லாவிட்டாலும் சென்னை மாதிரிப் புழுங்காது. அதனால் இங்கே இரட்டை இழையில் நெய்த பருத்தித் துண்டு, அதாவது ஈரிழைத் துண்டுதான் ராஜா. வெள்ளையாக இருக்க வேண்டும், மெல்லியதை ஒற்றையாகப் போட்டால் வெயில் ஊடுருவும், மூன்று நான்கு மடிப்பு வேண்டும். நனைத்து, காதும் பிடரியும் மூடி உருமால் கட்டி, அதற்கு மேலே பனை ஓலைத் தொப்பி வைத்தால் அதைவிட நல்லது கிடையாது. இதெல்லாம் தண்ணீருக்கும் நிழலுக்கும் பதில் இல்லை. வியர்வை நின்றுபோய், பேச்சு குழறி ஒருவர் தடுமாறினால் துண்டு கட்டிக்கொண்டிருக்காமல் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள்.

கடையில் 'காட்டன்' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பல் ஆகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நிற்கும். கம்பளி முடி கருகிய நாற்றம் அடிக்கும். குளிர் காலத்தில் 'உல்லன்' என்று விற்கிற மலிவுக் குல்லாவில் நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான், இந்தச் சோதனையில் அதுவும் மணியாக உருகி மாட்டிக்கொள்ளும்.

வெப்ப அலை என்று அறிவிப்பதற்கே வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30 என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அளவு ஊருக்கு ஊர் மாறும்போது தலைக்கு மட்டும் எல்லா ஊருக்கும் ஒரே தொப்பியா? நீங்கள் செய்தி போடும்போது தருமபுரிக்கு இது, ஓசூருக்கு இது, சென்னைக்குப் போகிறவர்களுக்கு இது என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் மூலமாக ஒன்று கேட்கிறேன். நூறு நாள் வேலைக்கு வருபவர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ரோடு வேலை செய்பவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டும் ஒரு பனை ஓலைத் தொப்பியும் கொடுங்கள். நம் ஏரிக்கரைகளில் இன்னும் பனை நிற்கிறது, ஓலை பின்னத் தெரிந்த பெண்கள் மகளிர் குழுக்களில் இருக்கிறார்கள். குருத்தோலை வெட்டி, நிழலில் காய வைத்து, வார் கிழித்துப் பின்னுவதற்கு நாள் பிடிக்கும். அக்னி நட்சத்திரம் மே 4 அன்று பிறந்த பிறகு டெண்டர் விட்டால் ஆடி மாதக் காற்றில்தான் தொப்பி வந்து சேரும். அடுத்த வருடத்துக்குத் தை மாதமே குழுக்களிடம் ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி டிரைவர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.