கேஸ்கட் வாங்காத மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு மாதம் அவசியச் செலவு தவிர காசே எடுக்காமல் இருந்து நிறைய மிச்சம் பிடித்ததாகச் சிலர் சொல்லும் 'செலவில்லா மாதம்' கட்டுரையை ஞாயிறு இதழில் படித்தேன். போன வருடம் ஜூனில் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலும் அந்தக் கூத்து நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன். 2025 ஜனவரியில் பஸ் டிக்கெட் 15 சதவீதம் ஏறி, பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் ஏறி, ஏப்ரலில் நந்தினி பாலும் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியதில் மிரண்டுபோய், வாடகை, மளிகை, பால், ஸ்கூல் ஃபீஸ் தவிர முப்பது நாளைக்குக் காசையே எடுப்பதில்லை என்று கணவர் சபதம் போட்டார்.

பத்து நாள் ஜோராகப் போனது. பன்னிரண்டாம் நாள் குக்கர் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. அது மளிகையில் சேராதாம், அடுத்த மாதம் பார்க்கலாமாம். சரி என்று தினமும் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகவைத்தேன், சிலிண்டர் வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னாடியே தீர்ந்தது. (இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.) ஜூலை முதல் ஞாயிறு கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனோம். கேஸ்கட், பையனுக்குச் செருப்பு, அப்புறம் எனக்குத் தேவையே இல்லாத இரண்டு குர்த்தி, வரும் வழியில் ஹோட்டல். ஏகாதசிப் பட்டினிக்குத் துவாதசியில் வட்டியும் முதலுமாகச் சாப்பிட்ட கதைதான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், போனில் ஸ்கேன் செய்து பத்து, இருபது என்று தட்டிவிடுவது நாளுக்கு எத்தனை தடவை என்று அந்த மாதம்தான் கண்ணில் பட்டது. ஆனால் அதற்கு ஒரு வாரமே போதும்.

இப்போது என் அம்மா வழிதான். அவர் அஞ்சறைப்பெட்டியில் காசு வைப்பார், நான் சம்பளம் வந்ததும் காய்கறிக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் ரொக்கம் எடுத்து இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுகிறேன். மாதம் எட்டு தடவை ஆர்டர் செய்தது முதலில் ஆறானது, தீபாவளிக்கு அப்புறம் நான்கு. யாரும் முகம் சுளிக்கவில்லை. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) மாதம் 100 ரூபாய்க்கே தொடங்கலாம். ஆகஸ்டில் 500-க்கு ஒன்று ஆரம்பித்தேன், பொங்கல் கழிந்து இன்னொரு 500.

உங்கள் கட்டுரையில் அவ்வளவு மிச்சம் பிடித்ததாகச் சொன்னவர்களிடம், அதற்கு அடுத்த மாதம் எவ்வளவு செலவானது என்றும் கேட்டுப் போடுங்களேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி, பெங்களூரு