வெங்காயத்துக்கு ஏன் வரி என்று கேட்டாய்

அன்புள்ள பிள்ளைக்கு அம்மா எழுதுவது,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை. வீடியோவில் அப்பாவின் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லையா?" என்று கேட்டாய். நான் எல்லாம் சரி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு நீ கோபத்தோடு இன்னொன்றும் கேட்டாய். கனடாவில் அரிசி, பால், மரக்கறிக்குக் கடையில் வரியே இல்லை, இலங்கையில் மட்டும் ஏன் வெளியிலிருந்து வருகிற வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் வரி போட்டு ஏழையின் வயிற்றில் அடிக்கிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன என்று. அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கதையை எடுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதுதான் எழுதுகிறேன்.

முதலில் சாப்பாட்டுக் கதை. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, அதை நம்பு. காலையில் பிட்டும் சம்பலும், மத்தியானம் சோறும் இரண்டு கறியும் நடக்கிறது. ஆனால் முன்பு வாரத்தில் நாலு நாள் மீன் வாங்குவேன், இப்போது ஒரு நாள். பால்மா அப்பாவின் காலைத் தேநீருக்கு மட்டும், நான் வெறுந்தேநீருக்குப் பழகிவிட்டேன். பருப்புக்குத் தண்ணீர் கொஞ்சம் கூட விடுகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியது என்று கணக்குச் சொன்னார்களே, 100 ரூபாச் சாமான் 195 ரூபா ஆனது. அதன் பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். குறைந்தது விலை ஏறுகிற வேகம்தான் பிள்ளை. ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கிறது. கடையில் நிற்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சரி, வரிக்கு வருகிறேன்.

நீ அம்மப்பாவை வெள்ளை வேட்டியோடு திண்ணையில் இருந்த கிழவராகத்தான் கண்டிருக்கிறாய். நான் கண்ட ஐயா வேறு. 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் உள்ளே விடாமல் மறித்தது. எங்கள் செம்பாட்டு மண்ணுக்கு அதைப் போல ஒரு காலம் முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. ஐயா விடியற்காலை மூன்று மணிக்கே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவார். நானும் மாமாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வெங்காயத் தாளைப் பின்னிப் பிடி கட்டுவோம். செத்தல் மிளகாய் காய்கிற முற்றத்தில் தும்மாமல் நடக்க முடியாது. நீ பிறந்த வீட்டின் முன் அறையும் விறாந்தையும் அந்த மிளகாய்க் காசில் கட்டியவை. ஊரில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பொடியன்கள் வன்னியில் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். தோட்டக்காரனுக்குப் பெண் கொடுக்க அரசாங்க உத்தியோகத்தர் வீட்டிலிருந்தே பேசி வந்த காலம் அது.

ஆனால் அதே வீட்டுக் குசினியில் ஆச்சி என்ன பாடு பட்டா என்பதையும் நான் கண்டேன். பாணுக்கு இருட்டோடு வரிசை. சீனி கூப்பனுக்கு அளந்துதான். ஒரு சேலை வாங்கச் சங்கக்கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக விடமாட்டார்கள், வழியில் மறித்துப் பறிப்பார்கள். மரவள்ளிக்கிழங்கை அவித்தும் பொரித்தும் மாவாக்கியும் எங்களுக்கு அலுத்துப்போனது. ஐயா காசு எண்ணினார். அந்தக் காசுக்கு வாங்க ஆச்சிக்குக் கடையில் சாமான் இல்லை.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். ஆச்சி சிரித்த முகத்தோடு சந்தையிலிருந்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பை நிறையச் சீனி, ஒரு பூப்போட்ட சீத்தைத் துணி. அடுத்த போகத்தில் இந்தியாவிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. ஐயா விலை ஏறும் ஏறும் என்று கொட்டிலில் தொங்கவிட்ட வெங்காயம் முளைத்தும் அழுகியும் கடைசியில் குப்பைக் கிடங்குக்குள் போனது. விசுவமடுப் பொடியன்கள் பலர் கடனோடு திரும்பி வந்தார்கள். ஐயா அதற்குப் பிறகு அத்தனை பரப்பு நிலத்தில் நடவேயில்லை. ஒரே கதவைத் திறந்ததில் ஆச்சிக்கு நல்லது நடந்தது, ஐயாவுக்குக் கெட்டது நடந்தது. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். அதனால்தான் நீ வரியை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டபோது எனக்கு உடனே வாய் வரவில்லை.

ஐயா ஒரு விலை கேட்டார், ஆச்சி ஒரு விலை கேட்டா. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டியது இந்த வரி. தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தியாவில் ஒரு மாநிலத்தில் விளைகிற வெங்காயம் எங்கள் நாடு முழுவதையும் மூடிவிடும். அவர்களோடு எங்கள் நாலு பரப்பு போட்டி போட முடியாது. அதோடு அவர்களை நம்பியும் இருக்க முடியாது. 2023 டிசெம்பரில் அவர்கள் தங்கள் சனத்துக்கு விலை ஏறுகிறது என்று வெங்காய ஏற்றுமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். இங்கே பெரிய வெங்காயம் கைக்கு எட்டாத விலைக்குப் போனது. அடுத்த சித்திரையில் இலங்கைக்கென்று 10,000 தொன் விடும்வரை பொறுத்திருந்தோம். அது அவர்களுடைய வீட்டு நியாயம், குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தத் தோட்டத்தை அழித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு அதுதான் நடக்கும்.

எனக்குக் கோபம் வருவது வரி போடுகிற விதத்தில். 2007இல் கொண்டுவந்த விசேட பண்ட அறவீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மற்ற வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று துறைமுகத்திலேயே வாங்குவார்கள். எவ்வளவு என்பது அரசாங்க வர்த்தமானியில் வரும், வந்தவுடன் நடைமுறை. இரவு படுக்கும்போது ஒரு வரி, விடிய எழும்பும்போது வேறு வரி. 2025 ஆவணியில், ஓகஸ்ட் 26ஆம் திகதி, உருளைக்கிழங்குக்கு 60 ரூபாவாக இருந்ததை 80 ஆக்கினார்கள், பெரிய வெங்காயத்துக்கு 10 ரூபாவை 50 ஆக்கினார்கள். தம்புள்ளை, மாத்தளைப் பக்கம் வெங்காயம் கிண்டி அறுவடை செய்கிற நேரம் அது. அந்தச் சனத்தைக் காப்பாற்றத்தான் என்றால் நடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? வரி ஏறும் என்ற கதை அடிபட்டவுடனேயே வசதியுள்ளவன் கொண்டுவந்து களஞ்சியத்தை நிரப்பிவிடுவான். பழைய வரியில் வந்திறங்கிய வெங்காயத்தைப் புது வரியின் விலைக்கு விற்பான். கிண்டுகிறவனுக்கும் விலை இல்லை, வாங்குகிறவளுக்கும் விலை குறையவில்லை. நடுவில் போனது எவருடைய கைக்கு?

சீனியில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரியை 25 சதமாகக் குறைத்தார்கள். ஐம்பது ரூபா எங்கே, கால் ரூபா எங்கே! நான் அந்த வாரம் கடைக்குப் போய் இரண்டு கிலோ வாங்கலாம் என்று காசு எண்ணி வைத்திருந்தேன். விலை இறங்கவேயில்லை. அரசாங்கத்துக்கு வரவேண்டிய ஏறத்தாழ 1,600 கோடி ரூபா வராமல் போனதுதான் மிச்சம். 2023 நவம்பரில் அதே வரியை மறுபடி 50 ரூபாவாக்கியபோது மட்டும் விலை அன்றே ஏறியது. இறங்கும்போது வராத வரி ஏறும்போது மட்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு எப்படி உடனே வந்து சேருகிறது என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லா வரியையும் எடுத்தால் சாமான் மலிந்துவிடும் என்று நீ நினைப்பது இதனால்தான் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

வரியை விட்டு ஒரேயடியாகத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சளே போதும். உள்ளூர் மஞ்சளை வளர்க்கப்போகிறோம் என்று இறக்குமதியை மறித்தார்கள். கிலோ சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள்தூள் சில ஆயிரமானது. மன்னார்க் கடலில் படகில் மஞ்சள் மூட்டை கடத்தி வந்து பிடிபட்டார்கள். கடையில் விற்ற தூளில் என்ன கலந்திருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும், கறி மஞ்சளாக வரும், மணம் வராது. கறிக்கு மஞ்சள் போடாமல் சமைத்த அந்த மாதங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மஞ்சள் கிழங்கு நட்டவுடன் அடுத்த கிழமை தூளாகிவிடாது என்பது தோட்டம் செய்த எவருக்கும் தெரியும். 2021 சித்திரை, வைகாசியில் இரசாயன உரத்தைத் தடுத்தபோதும் இதே அவசரம்தான். கார்த்திகையில் திருப்பி எடுத்தார்கள், அதற்குள் போகம் போய்விட்டது. பிறகு நெல் விளைகிற நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. 2024 மார்கழியில் வெளியிலிருந்து அரிசி கொண்டுவர விட்டார்கள், அதற்கும் கிலோவுக்கு 65 ரூபா வரி.

என்னைக் கேட்டால், நாங்கள் விளைவிக்கிற சாமானுக்கு, விளைகிற மாதங்களில் மட்டும், நடுவதற்கு முன்பே அறிவித்து வரி போடலாம். அறுவடை முடிந்து கொட்டில் வெறுமையான பிறகு எடுத்துவிட வேண்டும். மைசூர்ப் பருப்பு எங்கள் நாட்டில் யாரும் பயிரிடுவதில்லை. அது வருவது அவுஸ்திரேலியாவிலிருந்தும் நீ இருக்கிற கனடாவிலிருந்தும்தான். அதற்கு வரி போட்டால் எந்தத் தோட்டக்காரன் பிழைப்பான்? கூலி வேலை செய்கிறவன் வீட்டில் இறைச்சிக்கும் மீனுக்கும் பதிலாக இருப்பது அந்தப் பருப்பு ஒன்றுதான். அதில் கை வைப்பது பாவம். கஜானா வெறுமையாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும். 2022இல் கடன் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. வருமானவரி கட்டவேண்டியவனைத் தேடிப் பிடிப்பதைவிடத் துறைமுக வாசலில் நின்று வாங்குவது சுலபம், அதனால் அங்கே நிற்கிறார்கள்.

தோட்டக்காரனின் சட்டைப்பைக்குள் வேறு கைகளும் இருக்கின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. இறைப்பு மிஷின் இல்லாமல் வெங்காயம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் மிஷின் இல்லை. சந்தைக்கு 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவு என்று தள்ளி 90 கிலோவுக்குத்தான் காசு. அப்பா ஒருமுறை கேட்டதற்கு, விருப்பமில்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவர் லாண்ட்மாஸ்டர் உழவு மிஷினில் ஏற்றின மூட்டையை எங்கே திருப்பிக் கொண்டுபோவார்? கிலோவுக்கு 50 ரூபா வரி போட்டதால் அவருக்கு 50 ரூபா கூடக் கிடைக்கும் என்று நீ அங்கிருந்து கணக்குப் போடாதே.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது பிள்ளை. நீ இனிமேல் மாதாமாதம் கூட அனுப்புகிறேன் என்றாய். நீ பனியில் பஸ்ஸுக்கு நின்று உழைக்கிற காசு, உனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. சாப்பாட்டுக்கென்று கூட அனுப்பவேண்டாம். டின் மீனும் பால்மாவும் பெட்டி கட்டிக் கப்பலில் போடவும் வேண்டாம். ஆனால் ஒரு உதவி கேட்கிறேன், அப்பாவுக்குத் தெரியவேண்டாம். இம்முறை மழை விட்டதும் நாலு பரப்பும் நடவேண்டும் என்று அவர் நிற்கிறார். விதை வெங்காயத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள காசு இரண்டு பரப்புக்குத்தான் காணும். மாசி, பங்குனியில் நாங்கள் கிண்டும்போது வரி எத்தனை ரூபாவாக இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அவர் வயதுக்கு இரண்டு பரப்பே போதும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறாரில்லை. முடிந்தால் மற்ற இரண்டு பரப்புக்கு அனுப்பு. முடியாவிட்டால் ஒன்றும் யோசிக்காதே.

ஞாயிறு எடுக்கும்போது அப்பாவிடம் கழுத்தெலும்பைப் பற்றிக் கேட்காதே. கொட்டிலில் விதைக்கு எத்தனை பிடி தொங்குகிறது என்று கேள். அவர் உனக்குக் கமராவைத் திருப்பிக் காட்டுவார்.

மருமகனுக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பு.

அம்மா