பனி உருகிய பிறகுதான் எங்களுக்கு வேலை

தண்டர் பே, கனடா
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று அத்தையை எழுதச் சொல்லுங்கள். அம்மாவிடமே கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதில்தான்.

போனில் பேசும்போது, "பனி உருகிட்டா உனக்கு வேலை இருக்காதே, என்னப்பா செய்வே?" என்று கவலைப்பட்டீர்கள். லைன் விட்டுவிட்டு வந்ததால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. பனி உருகும்போதுதான் மாமா, எங்கள் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் என்றதும் பாம்பனில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறீர்களே, ஏறக்குறைய அதே நாட்களில் இங்கே ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிகளைப் பக்குவம் பார்த்து நிறுத்தி வைக்க எங்களிடம் கொண்டுவருகிறார்கள். உங்களுக்கு ஜூன் 14 வரை 61 நாள். இங்கே மறுபடி பனி விழுந்து தரையில் தங்க நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். அதுவரை வண்டி ஓடாமல் நிற்க வேண்டும்.

முன்னால் சறுக்கிப் போக இரண்டு ஸ்கீ, பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டை, ஏறி உட்கார பைக் மாதிரி சீட்டு. இதுதான் ஸ்னோமொபைல். ஏரிகள் உறைந்ததும் இதில் ஏறிப் போய், பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறார்கள். கியூபெக் மாகாணத்து வால்கோர்ட் ஊரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்றொரு மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்குக் குடல்வால் அழற்சி. பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகும் விடவில்லை. 1937-இல் காப்புரிமை வாங்கினார். ஒருவர், இருவர் ஏறிப்போகும் சின்ன வண்டி 1959-இல் வந்தது. 1988-இல் ரோட்டுப் பாலம் வரும்வரை நம் பாம்பன் தீவில் யாருக்காவது முடியாமல் போனால் ரயிலுக்கும் படகுக்கும் காத்துக் கிடந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அப்பாவின் கதை தெரிந்த பிறகு இந்த வண்டியை ஏனோதானோவென்று தொட எனக்கு மனசு வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெரும்பாலும் நம் வல்லத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஏரித் தண்ணீர் நன்னீர், நம் கடற்காற்றின் உப்பு இங்கே இல்லை. ஆனால் பனியைக் கரைக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வரும்போது அது அடியெல்லாம் அப்பிக்கொள்ளும். அதைக் கழுவி, ஈரம் போகக் காயவிட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறோம்.

பெட்ரோல்தான் பெரிய வில்லங்கம். அதில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது வற்றிப் பிசினாகி, பெட்ரோல் வரும் ஊசி நுழையாத ஜெட் துளைகளை அடைத்துவிடும். அதனால் புது பெட்ரோலை டாங்கி நிறைய ஊற்றி, கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் மருந்து கலந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவோம். மருந்து கலந்த பெட்ரோல் உள்ளே கடைசிவரை போய்ச் சேர வேண்டும். கார்புரேட்டர் வைத்த வண்டி என்றால் அப்புறம் அதன் கிண்ணத்தையும் வடித்துவிடுவோம்.

"ஓடிக் கெட்ட எஞ்சினைவிட நின்னு கெட்ட எஞ்சின்தான் ஜாஸ்தி" என்று நீங்கள் சொல்வீர்களே, இங்கே தினமும் அது ஞாபகம் வருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அடியில் ஆயில் சட்டி கிடையாது. ஓடும்போது போகிற ஆயில்தான் எல்லாம். நின்றுவிட்டால் அது வழிந்து இறங்கி, சிலிண்டர் சுவர் வெறுமையாகித் துருப்பிடிக்கும். அதற்காக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகத் துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுப்போம். பிஸ்டன் ஏறி இறங்கி எண்ணெயைப் பூசிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் முழுக்க ஈரமாக மினுங்கும். அதைப் பார்க்காமல் நான் பிளக்கைத் திருப்பி மாட்டுவதில்லை.

கிரீஸ் போடுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கினால் முதலில் பழுப்பாகத் தண்ணீர் கசியும். பிறகு கறுத்த பழைய கிரீஸ் வரும். புதுசு நிறம் மாறாமல் வெளியே வரும்வரை கையை எடுக்கக் கூடாது. உள்ளே தங்கின தண்ணீர்தான் பேரிங்கைத் தின்றுவிடும்.

எஞ்சினின் விசையைப் பட்டைக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைக் கழற்றித் தனியாக வைப்போம், இல்லையென்றால் அது அழுந்தும் இடத்தில் புல்லி துருவேறும். வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, பட்டை தரையில் படாமல் நிறுத்த வேண்டும். இந்த ஊர் எலி சீட்டு பஞ்சையும் ஒயரையும் விட்டுவைக்காது. சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுவோம். மேலே போடும் உறை காற்றோட்டமான துணி. பிளாஸ்டிக் போட்டு இறுக்கினால் உள்ளே வேர்த்து ஈரம் தங்கிவிடும்.

இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள் மாமா. கொட்டகையில் சும்மா கிடக்கும் அந்தப் பழைய அவுட்போர்டின் மேல் தார்ப்பாய் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாங்கியில் கிடக்கும் மண்ணெண்ணெயை வடித்து, எஞ்சினின் தண்ணீர்ப் பாதையில் நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசி, பிளக் துளையில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலாவது விட்டுக் கயிற்றை இழுத்து வையுங்கள். விசைப்படகு பேட்டரியையும் கழற்றி வீட்டில் வைத்து, அவ்வப்போது சார்ஜ் போடச் சொல்லுங்கள். தம்பி செய்வான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் வந்துவிட்டதா? வராவிட்டாலும் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். நான் அனுப்பும் பணத்தில் முதலில் படகு செலவைப் பாருங்கள், மிச்சத்தை அம்மாவிடம் கொடுங்கள். ஜூன் 14 ராத்திரி போன் பண்ணுகிறேன், ஐஸ் ஏற்றும் அவசரத்தில் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்