கேலக்டோஸைப் பற்றி நண்பனுக்கு

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து மகிழ்ந்தோம். ஈ.கோலை பாக்டீரியத்தின் கேலக்டோஸ் பாதையை, அதாவது கேலக்டோஸ் என்ற சர்க்கரையை அது படிப்படியாக மாற்றும் வினைகளின் தொடரை, முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டியிருந்ததால் உனக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

இதுவரை எந்தச் சர்க்கரையையும் டி-குளுக்கோஸ், டி-கேலக்டோஸ் என்று பொதுப்பெயரால்தான் குறித்து வந்தேன்; ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்ததில்லை. இவை ஒரே சர்க்கரையின் இரு வளைய வடிவங்கள், முதல் கார்பனின் ஹைட்ராக்சில் நிற்கும் திசையில் மட்டும் வேறுபடுபவை. நீரில் குளுக்கோஸ் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆல்ஃபாவாகவும் 64 விழுக்காடு பீட்டாவாகவும் இருந்து, ஒன்று மற்றொன்றாகத் தானே மாறிக்கொண்டிருக்கிறது; திறந்த சங்கிலி வடிவமோ மிகமிகச் சொற்பம். எனவே பிரித்தெழுதத் தேவையில்லை என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை கேலக்டோஸில் தகர்ந்தது. பால் சர்க்கரையான லாக்டோஸைப் பிளக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி கேலக்டோஸின் பீட்டா வடிவத்தையே தருகிறது. அடுத்து வந்து கேலக்டோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் கேலக்டோகைனேஸ் நொதிக்கோ ஆல்ஃபா வடிவம் வேண்டும். இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக்குவது மூட்டரோடேஸ் என்ற நொதி. நான் இரு வடிவங்களுக்கும் ஒரே பெயர் இட்டிருந்ததால், அந்த நொதியின் வினையில் இருபுறமும் ஒரே பொருள் நின்றது. வினை என்று எழுதவே எதுவுமில்லாமல் போயிற்று. கேலக்டோஸ் மரபணுத் தொகுதியிலேயே அதன் மரபணுவும் அமைந்திருக்கிறது. மனிதரில் இந்நொதி குன்றினால் கேலக்டோஸை உடல் சரிவரப் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா நோயின் நான்காம் வகை உண்டாகிறது. அப்படிப்பட்ட ஒன்றை விட்டுவிட்டோமே என்று மிகவும் வருந்தினேன்.

அதற்காக எல்லாவற்றையும் பிரித்துவிடவும் கூடாது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டின் பீட்டா வடிவத்தையே அதன் டீஹைட்ரோஜினேஸ் நொதி ஏற்கிறது. அங்கு பீட்டா என்று எழுதிவிட்டு, முந்தைய வினையில் ஆல்ஃபா என்று நிறுத்தி, இடையில் தானே நிகழும் மாற்றத்தைச் சேர்க்க மறந்தால் பாதை அறுந்துவிடும். ஆகவே, நொதி ஒரு வடிவத்தையே தேர்கிறது என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கும் இடத்தில் மட்டும் அவ்வடிவத்தை எழுதி, மற்ற இடங்களில் பொதுப்பெயரையே விட்டுவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டின் நிலை வேறு. முதல் கார்பனிலேயே பாஸ்பேட் பூட்டியிருப்பதால் அது தானாக வடிவம் மாறாது, எனவே அங்கு ஆல்ஃபா என்று எழுதியே ஆக வேண்டும். ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டை ஆறணு வளையமாக வரைந்த பழைய படங்களையும் நீக்கிவிட்டேன்; ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சில் பாஸ்பேட்டோடு இணைந்துவிட்ட பிறகு ஐந்தணு வளையம்தான் உருவாக முடியும்.

குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஹெக்சோகைனேஸ் நொதி அதன் இரு வடிவங்களையும் ஏற்பதால் அதற்குப் பொதுப்பெயரே இட்டிருக்கிறேன். மும்பையில் நீங்கள் அதை ஒரே வினையாக எழுதுகிறீர்களா, இரண்டாகவா? அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்